பெர்ஃபெக்ட்: குறையில்லாததா, செய்து முடித்ததா?

தமிழக-கேரள எல்லையோரத்துக் களியக்காவிளையிலோ மார்த்தாண்டத்திலோ சிப்ஸ் போடுகிறவர் ஏத்தங்குலையை, அதாவது நேந்திரன் வாழைக்குலையை, தூக்கிப் பார்க்கும்போது தோலில் புள்ளி இருக்கிறதா என்று தேடமாட்டார். காய் விளைந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார். விளிம்பு கூராக நிற்கிற காய் பிஞ்சு. அதைச் சீவிப் போட்டால் எண்ணெயைக் குடிக்கும், வறுபட்டதும் சுருங்கிப்போகும். பழுக்கத் தொடங்கிய காயில் சர்க்கரை ஏறியிருக்கும். உள்ளே மொறுமொறுப்பு வருவதற்குள் வெளியே கறுத்துவிடும். சதை திரண்டு விளிம்பு மழுங்கி, ஆனாலும் பச்சையாகவே நிற்கிற காய்தான் சிப்ஸுக்கு ‘பெர்ஃபெக்ட்’. அதன் தோலில் நாலு தழும்பு இருந்தால் யாருக்கும் கவலையில்லை. மாசுமறுவில்லாமல் பளபளக்கிற பிஞ்சை யாரும் தொடமாட்டார்கள்.

இந்த ஆங்கிலச் சொல்லின் பழைய பொருள் அந்தச் சிப்ஸ்காரரின் பக்கம்தான் நிற்கிறது. ‘துளிக் குறையும் இல்லாதது’ என்று இன்று நாம் புரிந்துகொள்வது பின்னால் வந்து ஒட்டிய பொருள். ‘கடைசிவரை செய்து முடிக்கப்பட்டது’ என்பதே முதல் பொருள். இலக்கணத்தில் ஒரு காலத்துக்கும், கணக்கில் ஒரு வகை எண்ணுக்கும், தாவரவியலில் ஒரு வகைப் பூவுக்கும் ஏன் இந்த ஒரே பெயரை வைத்தார்கள் என்ற குழப்பம், இதைப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

சொல்லைப் பிரித்தால்

லத்தீனில் ‘ஃபாக்கெரெ’ என்றால் செய்தல். அதன் முன்னால் ‘பெர்’ என்ற முன்னொட்டைச் சேர்த்தால் ‘பெர்ஃபிக்கெரெ’. ‘பெர்’ என்பதற்கு ‘ஊடாக’, ‘முழுக்க’, ‘இறுதிவரை’ என்று பொருள். பெர்மனென்ட் என்றால் கடைசிவரை தங்குவது, பெரென்னியல் என்றால் ஆண்டுகள் ஊடாக நீடிப்பது. இரண்டிலும் அதே ‘பெர்’தான். ஆக ‘பெர்ஃபிக்கெரெ’ என்பதற்குத் தமிழில் ‘செய்து முடி’ என்பதே போதும். அதன் எச்சவடிவம் ‘பெர்ஃபெக்டுஸ்’: செய்து முடிக்கப்பட்டது.

‘ஃபாக்’ எப்படி ‘ஃபெக்’ ஆனது? முன்னொட்டு சேரும்போது நடுவிலுள்ள அகரம் தளர்ந்து எகரமாகவோ இகரமாகவோ மாறுவது பழைய லத்தீனின் வழக்கம். இந்த ஒரு விதி தெரிந்தால் ஒரு பெரிய குடும்பமே கண்ணில் படும். ஃபேக்ட் என்றால் செய்யப்பட்டது, நடந்தது. ஃபேக்டரி, செய்யும் இடம். எஃபெக்ட், செய்து வெளிவந்தது, அதாவது விளைவு. டிஃபெக்ட், செய்ததில் விட்டுப்போனது. டெஃபிசிட் என்று பட்ஜெட் செய்தியில் வருகிறதே, அது லத்தீனில் ‘குறைகிறது’ என்ற வினைமுற்றாகவே இருந்த சொல். இன்ஃபெக்ட் என்பதன் மூலம் சாயத்தில் முக்குவதைக் குறித்தது. கறை படிதல், நோய் தொற்றுதல் எல்லாம் அதிலிருந்து நீண்டவை. பெனிஃபிட், ப்ராஃபிட், எஃபிஷியன்ட், சஃபிஷியன்ட் ஆகியவையும் இதே வீட்டுப் பிள்ளைகள்தான்.

இன்னும் ஆழத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ‘ஃபாக்கெரெ’யின் வேர் ‘வைத்தல், இடுதல்’ என்று பொருள்பட்ட இந்தோ ஐரோப்பிய வேர். அதே வேர்தான் ஆங்கிலத்தில் ‘டூ’ என்ற வினையாக நிற்கிறது. சமஸ்கிருதத்தில் ‘தா’ என்ற வினையடியாக நிற்கிறது. அந்த வினையடியிலிருந்து பிறந்தவை விதி, நிதி, சந்தி, சமாதி. தலைவிதியும் பெர்ஃபெக்டும் தூரத்துப் பங்காளிகள் என்று சொன்னால் தப்பில்லை.

எழுத்தில் போன ‘க்’ திரும்பி வந்த கதை

இந்தச் சொல் லத்தீனிலிருந்து நேராக ஆங்கிலத்துக்கு வரவில்லை. பிரெஞ்சு வழியாகச் சுற்றிவந்தது. வழியில் ‘க்’ ஒலி உதிர்ந்து, பழைய பிரெஞ்சில் ‘பர்ஃபிட்’ என்று ஆனது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய ஆங்கிலக் கவிஞர் சாஸர், கேன்டர்பரி கதைகளின் முன்னுரையில் வீரனை வருணிக்கும்போது ‘பர்ஃபிட்’ என்றே எழுதுகிறார். பின்னர் லத்தீன் படித்தவர்கள் மூல வடிவத்தை நினைவில் வைத்து உதிர்ந்த எழுத்தைத் திரும்பச் செருகினார்கள். செருகிய எழுத்தைப் பார்த்துப் பார்த்து மக்களும் அதை உச்சரிக்கத் தொடங்கினார்கள்.

எல்லாச் சொல்லுக்கும் இப்படி நடக்கவில்லை. கடனைக் குறிக்கும் ‘டெட்’ என்ற சொல்லில் ஒரு ‘பி’யை இதே மாதிரிதான் செருகினார்கள், எழுத்தில் இருக்கிறது, வாயில் வருவதில்லை. வெர்டிக்ட் என்ற சொல்லில் மட்டும் பெர்ஃபெக்டைப் போல ஒலியும் ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்க்கவே இல்லை. அவர்களுக்கு இன்றும் அது ‘பார்ஃபே’தான். ஐஸ்கிரீம் கடைப் பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்தால், நீங்கள் வாங்குவது ஒரு தம்ளர் ‘பெர்ஃபெக்ட்’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முற்றியது, நிறைந்தது, திகைந்தது

லத்தீன்காரர்கள் இந்தச் சொல்லைக் கொண்டு கிரேக்கத்தின் ‘டெலெயோஸ்’ என்ற சொல்லை மொழிபெயர்த்தார்கள். அது ‘டெலொஸ்’ என்பதிலிருந்து வந்தது. முடிவு, போய்ச்சேர வேண்டிய இடம் என்று பொருள். அரிஸ்டாட்டில் தம் மெட்டாஃபிசிக்ஸ் நூலின் ஐந்தாம் புத்தகத்தில் இந்தச் சொல்லுக்குப் பல பொருள் பிரித்துக் காட்டுகிறார். தன் பகுதி ஒன்றுகூட வெளியே விட்டுப்போகாதது ஒரு வகை. தன் இனத்தில் அதற்கு மேல் ஒன்று இல்லை என்று நிற்பது இன்னொரு வகை. தன் இலக்கை எட்டிவிட்டது மூன்றாவது. விளைந்த ஏத்தங்காய் மூன்றாவது வகை. நாம் இன்று அன்றாடம் சொல்கிற ‘குறையில்லாதது’ இரண்டாவதற்கு நெருக்கம்.

தமிழில் இந்த மூன்றுக்கும் தனித்தனிச் சொல் இருப்பதால்தான் பெர்ஃபெக்டுக்கு ஒரே தமிழ்ச்சொல் தேடுகிறவர்கள் திண்டாடுகிறார்கள். முழுமை என்றால் பகுதி விட்டுப்போகாதது. செம்மை என்றால் கோணலில்லாமல் நேராக இருப்பது. நிறைவு என்றால் பாத்திரம் நிரம்பியது. வடமொழிப் பூரணமும் நிரம்புவதைக் குறிக்கும் வேரிலிருந்துதான் வருகிறது. கிரேக்கச் சொல்லுக்கு மிகவும் பக்கத்தில் நிற்பது ‘முற்று’. முற்றல் தேங்காய், வினைமுற்று, தொடர்கதையின் அடியில் ‘முற்றும்’. காய் முதிர்வதற்கும் வாக்கியம் முடிவதற்கும் ஒரே சொல்லைத் தமிழ் வைத்திருக்கிறது. ‘பக்கா’ என்று கடைத்தெருவில் சொல்கிறோமே, அது இந்தி வழியாக வந்த ‘பக்வ’. வெந்தது, பழுத்தது என்று பொருள். நம்முடைய ‘பக்குவம்’ அதே சொல்தான். பக்கா என்பவரும் பக்குவம் என்பவரும் ஒரே சொல்லை இரண்டு வாசல் வழியாக எடுத்து வருகிறார்கள்.

எல்லையோரத்தில் இன்னொரு நல்ல சொல் உயிரோடு இருக்கிறது. மலையாளத்தில் ‘பத்து வயசு திகஞ்ஞு’ என்றால் பத்து வயது நிறைந்தது. ‘பைசா திகஞ்ஞில்ல’ என்றால் காசு போதவில்லை. ‘திகஞ்ஞ கலாகாரன்’ என்றால் தேர்ந்த கலைஞன். விளவங்கோடு, கல்குளம் பக்கத்துத் தமிழில் காசு ‘தெகயாது’ என்பார்கள். தெற்கே மாட்டுத் தரகர்கள் விலை படிந்ததை ‘விலை தெகஞ்சது’ என்பதும் இதுவே. திகைத்து நிற்பதற்கும் இதற்கும் தொடர்பு தேட வேண்டாம். வேண்டிய அளவை எட்டிவிட்டது, பேச்சு முடிவுக்கு வந்துவிட்டது என்ற பொருளில் இது பெர்ஃபெக்டின் மூலப்பொருளுக்கு மிகவும் அருகில் வருகிறது. ‘தமிழில் சொல் இல்லை’ என்பவர்கள் ஒரு சந்தை நாளில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றால் போதும்.

‘செய்து முடித்தது’ என்ற அதே அமைப்பில் கட்டிய சொல் சமஸ்கிருதத்தில் அந்த மொழியின் பெயராகவே இருக்கிறது. ‘ஸம்’ என்ற முன்னொட்டு, செய்தலைக் குறிக்கும் ‘க்ரு’ என்ற வினையடி. சேர்ந்தால் நன்றாகச் செய்து அமைக்கப்பட்டது. சித்தர் என்ற சொல்லிலும் இதே எண்ணம்தான். ‘சித்’ என்ற வேருக்குக் கைகூடுதல் என்று பொருள். சித்தர் என்றால் சாதித்து முடித்தவர்.

ஒரு சிறு சோதனை. ஆங்கிலத்தில் ‘பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்’ என்றால் சிறந்த அந்நியரா? ‘பெர்ஃபெக்ட் நான்சென்ஸ்’ என்றால் தரமான உளறலா? இங்கே பெர்ஃபெக்ட் பாராட்டு ஆகாது; ‘முழுக்க முழுக்க’ என்ற பழைய பொருள் அப்படியே உறைந்திருக்கிறது. தமிழில் ‘சுத்தப் பொய்’, ‘சுத்த முட்டாள்’ என்கிறோம்; அங்கே சுத்தத்துக்கும் துப்புரவுக்கும் என்ன சம்பந்தம்?

இலக்கணத்தில்: ‘முடிந்த’ காலம்

பள்ளிப் பிள்ளைகள் இடறுகிற இடம் இது. லத்தீன் இலக்கணத்தில் முடிந்த செயலைச் சொல்லும் காலத்துக்கு ‘பெர்ஃபெக்டும்’ என்றும், முடியாமல் நடந்துகொண்டிருந்த செயலுக்கு ‘இம்பெர்ஃபெக்டும்’ என்றும் பெயர். வேறொன்றுக்கு முன்பே முடிந்துபோனதற்கு ‘முடிந்ததைவிட மேலும் முடிந்தது’ என்று பொருள்படும் நீளமான பெயர். அதைச் சுருக்கித்தான் ஆங்கிலத்தில் ப்ளூபெர்ஃபெக்ட் என்றார்கள். எனவே பிரசென்ட் பெர்ஃபெக்ட் டென்ஸ் என்பதை ‘குறையற்ற நிகழ்காலம்’ என்று யாராவது மொழிபெயர்த்தால் அவர் அகராதியை மட்டும் நம்பியவர். செயல் முடிந்திருக்கிறது, அதன் விளைவு இப்போது நிற்கிறது. அதுதான் அந்தப் பெயர்.

தமிழில் இதற்கு ‘இரு’ துணைவினை: வந்திருக்கிறான், வந்திருந்தான், வந்திருப்பான். மலையாளத்தில் ‘வந்நிட்டுண்டு’, ‘வந்நிருந்நு’. இரண்டுமே ‘இருத்தல்’ என்ற நிலையைக் கொண்டு சொல்கின்றன. ஆங்கிலம் ‘வைத்திருத்தல்’ என்ற வினையைக் கொண்டு சொல்கிறது: ஹேவ். பழைய ஆங்கிலத்தில் ‘கடிதத்தை எழுதப்பட்டதாக வைத்திருக்கிறேன்’ என்ற மாதிரி அமைந்த வாக்கியம் நாளடைவில் ‘எழுதியிருக்கிறேன்’ என்று இறுகிவிட்டது. ஹேவ்-க்குப் பின் எச்சவடிவம்தான் வரவேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே. ‘ஹேவ் வென்ட்’ தவறு, ‘ஹேவ் கான்’ சரி.

எல்லையின் இரு புறத்திலும் பொதுவாக வரும் பிழைகள் மூன்று. மூன்றுமே கவனக்குறைவால் வருவதில்லை. தாய்மொழி இலக்கணம் உள்ளிருந்து இழுப்பதால் வருகின்றன.

‘ஹி ஹேஸ் கம் எஸ்டர்டே’ என்பது முதலாவது. தமிழில் ‘நேற்று வந்திருக்கிறான்’ என்று தாராளமாகச் சொல்லலாம். அவன் பை திண்ணையில் கிடக்கிறது, நாம் நேரில் பார்க்கவில்லை, ஊகிக்கிறோம். அதற்குத்தான் அந்த வடிவம். ஆங்கிலப் பிரசென்ட் பெர்ஃபெக்ட் இன்றைய நிலையைப் பேசுவதால் ‘நேற்று’, ‘போன வாரம்’, ‘2019இல்’ போன்ற முடிந்துபோன கால அடையாளங்களை ஏற்காது. நேற்று வந்ததைச் சொல்ல ‘ஹி கேம் எஸ்டர்டே’. ஊகத்தைச் சொல்ல வேண்டுமானால் ‘ஹி மஸ்ட் ஹேவ் கம் எஸ்டர்டே’.

இரண்டாவது ‘ஐ ஹேட் கால்டு யூ எஸ்டர்டே’. ‘நேற்று கூப்பிட்டிருந்தேன்’ என்பதும், மலையாளத்தின் ‘விளிச்சிருந்நு’ என்பதும் தனியாக நிற்கும். ஆங்கில ‘ஹேட்’ தனியாக நிற்காது. அதற்குப் பின்னால் நடந்த இன்னொரு இறந்தகாலச் செயல் வேண்டும். ‘நான் களியக்காவிளை போய்ச் சேர்வதற்கு முன் பஸ் புறப்பட்டிருந்தது’ என்பது மாதிரி இரண்டு நிகழ்ச்சி இருந்தால், முந்தியதற்கு மட்டும் ‘ஹேட்’ போடுங்கள்.

மூன்றாவது நுட்பமானது. ‘திருவனந்தபுரம் போயிருக்கிறான்’ என்ற ஒரே வாக்கியம் தமிழில் இரண்டு பொருள் தரும்: இப்போது அங்கே இருக்கிறான், முன்பு ஒருமுறை போய்வந்த அனுபவம் உண்டு. ஆங்கிலம் இவற்றைப் பிரிக்கிறது. இன்னும் திரும்பவில்லை என்றால் ‘ஹேஸ் கான் டு’, போய்த் திரும்பியவன் என்றால் ‘ஹேஸ் பீன் டு’. நேர்முகத் தேர்வில் எதிரே உட்கார்ந்துகொண்டு ‘ஐ ஹேவ் கான் டு டெல்லி’ என்றால் கேட்பவருக்குச் சிரிப்பு வரும்.

எண்ணில், இசையில், பூவில்

ஓர் எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் எண்களை, அந்த எண்ணை விட்டுவிட்டு, கூட்டுங்கள். கூட்டல் அதே எண்ணாக வந்தால் அது பெர்ஃபெக்ட் நம்பர், நிறைவெண். 6-க்கு 1, 2, 3, கூட்டினால் 6. 8-க்கு 1, 2, 4. கூட்டினால் 7, ஒன்று குறைகிறது. 12-க்கு 1, 2, 3, 4, 6. கூட்டினால் 16, வழிகிறது. கூடாமலும் குறையாமலும் திகைந்து நிற்பதால்தான் அந்தப் பெயர்.

இவற்றைக் கண்டுபிடிக்க பழங்காலக் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் தம் ‘எலிமெண்ட்ஸ்’ நூலின் ஒன்பதாம் புத்தகத்தில் 36ஆம் தேற்றமாக வழி சொல்லியிருக்கிறார். 1-இல் தொடங்கி இரட்டிப்பாக்கிக்கொண்டே போய்க் கூட்டுங்கள். கூட்டல் பகா எண்ணாக வந்தால், கடைசியாகச் சேர்த்த எண்ணால் பெருக்குங்கள். 1+2=3, பகா எண்; 3×2=6. 1+2+4=7, பகா எண்; 7×4=28. அடுத்தது 15. இது பகா எண் இல்லை என்பதைக் கவனிக்காமல் 15×8=120 என்று போட்டால், 120-இன் வகுஎண்கள் கூடி 240 ஆகிவிடும். 15-ஐத் தாண்டுங்கள். 31 பகா எண்; 31×16=496. 63-ஐத் தாண்டுங்கள். 127 பகா எண்; 127×64=8128. அதன் பிறகு நீண்ட இடைவெளி. அடுத்த நிறைவெண் 3,35,50,336. நடுவில் வரும் 2047 பலரை ஏமாற்றும். பார்க்கப் பகா எண் போலவே இருக்கும். ஆனால் அது 23×89. இதுவரை கிடைத்த நிறைவெண்கள் எல்லாம் இரட்டைப்படை. ஒற்றைப்படையில் ஒன்று உண்டா என்பதை உண்டென்றும் இல்லையென்றும் யாரும் நிறுவவில்லை.

இசையில் ஷட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள இடைவெளி பெர்ஃபெக்ட் ஃபிஃப்த். அதிர்வு விகிதம் 3:2. ச, ப இரண்டும் கர்நாடக இசையில் வேறுபாடு இல்லாத ஸ்வரங்கள். ரி, க, ம, த, நி மாறும். தம்புராவில் அந்த 3:2 அப்படியே ஒலிக்கும். கீபோர்டில் எல்லாச் சுருதிக்கும் பொதுவாகப் பங்கிட வேண்டியிருப்பதால் 702 சென்ட் (சுருதி இடைவெளியை அளக்கும் அலகு) இருக்க வேண்டிய இடைவெளி 700 சென்டாகச் சற்றே குறைந்திருக்கும். ஆனாலும் பெயர் பெர்ஃபெக்ட் ஃபிஃப்த்தான்.

பூவில் இன்னும் கவனம் வேண்டும். மகரந்தத்தாளும் சூலகமும் ஒரே பூவில் இருந்தால் அது பெர்ஃபெக்ட் ஃப்ளவர், அதாவது இருபால் பூ. செம்பருத்தி அப்படி. பூசணி, பாகலில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. தென்னம்பாளையிலும் அப்படித்தான். தென்னம்பூவுக்குத் தாவரவியல் ‘இம்பெர்ஃபெக்ட்’ என்று சீட்டுக் கொடுத்திருக்கிறது. தென்னைக்கு அதில் நட்டம் ஒன்றும் இல்லை. ‘கம்ப்ளீட் ஃப்ளவர்’ என்பது வேறு: புல்லி, அல்லி, மகரந்தத்தாள், சூலகம் நான்கும் இருக்க வேண்டும். தேர்வில் இந்த இரண்டையும் ஒன்றாக எழுதினால் மதிப்பெண் போகும்.

அச்சுக்கடையில் ‘பெர்ஃபெக்ட் பைண்டிங்’ என்பது நூல் போட்டுத் தைக்காமல் முதுகில் பசை தடவி அட்டையை ஒட்டுவது. தாள்களின் முதுகைச் சொரசொரப்பாக்காமல் பசை தடவினால் பசை உள்ளே பிடிக்காது. நாலு முறை விரித்ததும் பக்கங்கள் கையோடு வரும். பெயரை நம்பி வாங்கிய கைடுகள் பலவற்றின் கதி இதுதான்.

‘மோர் பெர்ஃபெக்ட்’ சரியா?

ஏற்கெனவே குறையற்றது என்றால் அதைவிடக் குறையற்றது எப்படி இருக்கும் என்று கேட்கும் ஆசிரியர்கள் உண்டு. 1787இல் எழுதிய அமெரிக்க அரசியலமைப்பின் முகவுரையிலேயே ‘மோர் பெர்ஃபெக்ட் யூனியன்’ என்று இருக்கிறது. முடிவை நோக்கி நெருங்குவது என்ற பழைய பொருளில் பார்த்தால் அதில் பிழை இல்லை. ‘இன்னும் கொஞ்சம் முற்றட்டும்’ என்று காயைப் பற்றிச் சொல்வதில்லையா? ஆனாலும் தேர்வுத்தாளில் ‘நியர்லி பெர்ஃபெக்ட்’, ‘மோர் நியர்லி பெர்ஃபெக்ட்’ என்று எழுதுவது பாதுகாப்பு.

உச்சரிப்பில் ஒன்று: பண்புச்சொல்லாக வரும்போது அழுத்தம் முதல் அசையில், பெர்-ஃபெக்ட். ‘செம்மைப்படுத்து’ என்ற வினையாக வரும்போது அழுத்தம் இரண்டாம் அசைக்குப் போகும். எழுத்துப் பிழையில் அதிகம் வருவது ‘ப்ரீஃபெக்ட்’. முன்னால் நிறுத்தப்பட்டவர் என்று பொருள்படும் அது வேறு சொல். சில பள்ளிகளில் மாணவர் தலைவருக்கு அந்தப் பெயர் உண்டு. கம்ப்யூட்டர் இதைத் தவறு என்று அடிக்கோடு போட்டுக் காட்டாது, இரண்டும் சரியான சொற்கள் என்பதால். விண்ணப்பத்தில் ‘பெர்ஃபெக்ட் அட்டெண்டன்ஸ்’ என்று எழுதியிருந்தால், அனுப்புமுன் ‘பி’யை அடுத்து ‘ஈ’யா ‘ஆர்’ஆ என்று ஒருமுறை பாருங்கள்.